செங்கல் வைத்த பெட்டிகள்

உள்ளே இரண்டு செங்கல் மட்டுமே இருந்த பெட்டி, மூன்றாவது வாரத்தில், ஏழாம் எண் வீட்டுக் குழாய்த் தண்ணீரிலிருந்து குரோமியத்தை முழுவதுமாக நீக்கியது. தோல் ஆலை மூடி இருபது வருடமாகியும் அந்தத் தெருவின் நிலத்தடியை விட்டுப் போகாத நச்சு அது. அதை வடிகட்ட பல்கலைக்கழகத்தின் பொறியியல் துறை ஒரு கரித்தூளைக் கண்டுபிடித்து, இருபது வீடுகளிலும் சாம்பல் நிறப் பெட்டிகளைப் பொருத்தியிருந்தது. பத்தில்தான் கரித்தூள். மற்ற பத்தும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. தூக்கிப் பார்த்தால் சந்தேகம் வரக்கூடாதென்று செங்கல் வைத்தார்கள். எந்த வீட்டில் எது என்பது ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியைக்கே தெரியாது. பட்டியல் ஆராய்ச்சி மாணவியிடம் மட்டும் இருந்தது. மாதிரி எடுக்கக் கண்ணாடிப் பாட்டில்களோடு வருவதால் தெருவில் அவள் பெயர் பாட்டில்.

சோதனை முடியும்வரை லாரித் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஏழாம் எண் வீட்டுத் தையல்காரியும் போட்டாள். ஆனால் அவளுக்கு ஆறாம் மாதம், கணவனுக்கு வெளியூரில் வேலை. குடத்தைத் தூக்க முடியாமல், பெட்டிதான் இருக்கிறதே என்று குழாயில் பிடித்துக் குடித்தாள். அதைப் பார்த்த அன்று பாட்டில் பட்டியலை எடுத்து ஏழாம் எண்ணை மறுபடி பார்த்தாள்: செங்கல். உண்மையைச் சொன்னால் தெரு முழுக்கத் தெரிந்து ஆராய்ச்சி வீணாகும். சொல்லாவிட்டால் ஒரு குழந்தை. வரும் நாளிலெல்லாம் தானே குடம் சுமந்து கொடுத்தாள். வராத நாளை நினைத்துச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் ஏழாம் வீட்டு அளவு பூஜ்யமானது. கருவியைத் துடைத்து மூன்று தடவை ஓட்டினாள். பூஜ்யம். ஒன்பதாம் வீட்டுக் குழந்தை பல் தேய்க்கும்போது விழுங்குமோ, பன்னிரண்டாம் வீட்டுக் கிழவர் மறந்துபோய்க் குடிப்பாரோ என்று யோசிக்கத் தொடங்கிய பிறகு, மற்ற ஒன்பது செங்கல் பெட்டிகளும் பூஜ்யத்துக்கு வந்தன. கரித்தூள் பெட்டிகள் பாதியிலேயே நின்றன. அவற்றைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை.

ஏன் பூஜ்யம் என்று தெரியாததால் நாளைக்கும் பூஜ்யமாக இருக்குமென்று அவளால் நம்ப முடியவில்லை. தையல்காரிக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது சொல்லிவிட்டாள்.

"அக்கா, உங்க பெட்டியில ஒண்ணுமே இல்ல."

தையல்காரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "ஏன், ரெண்டு செங்கல் இருக்கே," என்றாள். "மாட்டின மறுநாளே தொறந்து பார்த்துட்டேன்."

"அப்புறம் எப்படிக்கா குடிச்சீங்க?"

"நீ வர்றப்பல்லாம் என் குழாயைப் பார்த்துப் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியே. என் வீட்டுக்காரர்கூட எனக்காக இப்படிப் பயந்ததில்ல. சரி, பயப்பட ஒரு ஆள் இருக்குன்னு குடிச்சேன்."

பெண் குழந்தை பிறந்தது. எடை சரியாக இருந்தது, ரத்தத்தில் குரோமியம் இல்லை. அந்த வாரம் பாட்டில் பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள். வியாழக்கிழமை மாதிரியில் செங்கல் வைத்த பத்து வீடுகளிலும் அளவு எகிறியது. பேராசிரியை பட்டியலைப் பிரித்தார், செங்கல்லை இரண்டு மாதம் சோதித்தார். அது செங்கல்லாகவே இருந்தது. பிறகு வாராவார அளவுகளின் வரைபடத்தையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த வாரம் நிம்மதியா இருந்தியா?"

"ஆமா மேடம்."

"இனிமே இருக்காதே."

மறு வருடம் கரித்தூளை எடுத்துவிட்டு இருபது பெட்டிகளிலும் செங்கல் வைத்தார்கள். பக்கத்துத் தெருக்கள் இரண்டும் மனு கொடுத்துப் பெட்டி வாங்கிக்கொண்டன. துறை அவளுக்கு நிரந்தர வேலை போட்டுக் கொடுத்தது. தெருவும் தன் பங்குக்குப் பார்த்துக்கொள்கிறது: எப்படி இருக்கீங்க என்று அவள் கேட்டால் அங்கே யாரும் நல்லா இருக்கோம் என்று சொல்வதில்லை. "பாப்பாவுக்கு லேசா இருமல்," என்பாள் தையல்காரி. பாப்பா வாசலில் கத்திக்கொண்டு ஓடும். அது ஒரு நாளும் இருமியதில்லை என்பது பாட்டிலுக்கும் தெரியும். இருந்தாலும், ஒருவேளை இருமினால் என்று நினைத்துக்கொண்டே அடுத்த வீட்டுக் குழாயைத் திறப்பாள்.