அம்மாது

துடியலூர்ப் பக்கம் வெங்கடபதி என்றால் யாருக்கும் தெரியாது, மோட்டார்க்காரர் என்றால்தான் தெரியும். தோட்டத்துக் கிணற்றில் ஓடும் மோட்டாரின் சத்தத்தை ரோட்டில் நின்றபடியே கேட்டு, பேரிங் போய்விட்டது, இன்னும் ஒரு வாரம்கூடத் தாங்காது என்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னபடி நடக்கும். அப்பேர்ப்பட்ட காதை வைத்துக்கொண்டு, சொந்த வீட்டுக்குள் மனுஷன் எதையுமே காது கொடுத்துக் கேட்டதில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, சட்டை தேய்த்து மடித்திருந்தது, மகள் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வாசல் கேட்டருகே நின்று டாட்டா காட்டினாள். இதெல்லாம் தானாக நடக்கிறது என்று அவர் பாட்டுக்கு இருந்துவிட்டார். மனைவி ராமாமணி போன பிறகுதான், எதுவும் தானாக நடக்கவில்லை என்று தெரிந்தது.

மகள் சைத்ராவுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. டவுன் சிண்ட்ரோம் என்று பிறந்த அன்றைக்கே டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ராமாமணி கொஞ்ச நாள் அழுதாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். பல் விளக்குவது, சோப்புப் போட்டுக் குளிப்பது, கால் விரல் இடுக்கில் ஈரம் போகத் துடைப்பது, மாதவிலக்கு வந்தால் பேடு மாற்றிக் காகிதத்தில் சுற்றிப் போடுவது என்று ஒவ்வொன்றையும் செய்து காட்டி, கூட நின்று, கோபித்து, கொஞ்சி, வருஷக்கணக்கில் பழக்கினாள். தனக்குப் பிறகு மகள் யார் கையையும் எதிர்பார்த்து நிற்கக் கூடாது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே வைராக்கியம்.

இவற்றோடு ஒரு மரியாதையையும் சேர்த்துப் பழக்கினாள். கல்யாண வீடுகளில் சைத்ராவைப் பார்த்ததும் சிலர் உச்சுக்கொட்டுவார்கள். ராமாமணிக்கு அது ஆகவே ஆகாது.

"ஆரு கேட்டாலும் 'நல்லாருக்கேனுங்க'ன்னு சொல்லோணும் கண்ணு. உன்னையப் பாத்து ஒருத்தரும் ஐயோ பாவம்னு சொல்லக் கூடாது."

சைத்ரா அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சல் கொதித்தாலும் நல்லாருக்கேனுங்க, பல்வலியில் கன்னம் வீங்கினாலும் நல்லாருக்கேனுங்க. ராமாமணி அந்தப் பதிலை நம்பியதே இல்லை. நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், தட்டில் எவ்வளவு சோறு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பாள். வெங்கடபதி பதிலைக் கேட்டுத் திருப்தியாகி வண்டியை எடுப்பார்.

போன ஐப்பசியில் ஒருநாள், தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ராமாமணி குழாயடியிலேயே சாய்ந்துவிட்டாள். மாரடைப்பு. காரியமெல்லாம் முடிந்த மறுநாள், உடுமலைப்பேட்டையிலிருந்து வந்திருந்த வெங்கடபதியின் தங்கை கிருஷ்ணவேணி வீட்டைச் சுத்தம் செய்யக் கிளம்பினாள். பாய், தலையணை, பழைய சேலை எல்லாம் வெளியே போயின. அப்புறம் அலமாரியில் இருந்த மருந்துகள்.

"ஏனுங்கண்ணா, செத்தவங்க சாப்புட்ட மருந்து ஊட்டுக்குள்ள இருக்கக் கூடாதுங்க. எல்லாத்தையும் எடுத்துப்போட்டேன்."

பிரஷர் மாத்திரை, முழங்கால் தைலம், தைராய்டு மாத்திரை இருந்த வெள்ளை டப்பா எல்லாம் ஒரு கவரில் முடிச்சாகிக் குப்பை வண்டியில் ஏறின. அதுவரை மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்த சைத்ரா எழுந்து வண்டிக்குப் பின்னால் ஓடினாள்.

"அம்மாது! அம்மாது!"

கிருஷ்ணவேணி அவளைக் கட்டிப்பிடித்துக் கூட்டிவந்தாள். அம்மாவுடைய பொருளெல்லாம் போகிறதே என்று பிள்ளை துடிக்கிறது பார் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெங்கடபதியும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மறுநாள் காலையில் சைத்ரா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, வலது கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது.

"அம்மாது குடுங்க."

அவள் பேச்சு எப்போதுமே கொஞ்சம் குழறும். வெங்கடபதியின் காதில் அது 'அம்மாவைக் குடுங்க' என்று விழுந்தது. அவர் என்ன செய்வார்? அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அடுத்த நாளும் கை நீண்டது. அதற்கடுத்த நாளும். அவருக்குத் தாங்கவில்லை. கடைக்குப் போய்த் தேன்மிட்டாய் வாங்கிவந்து, விரிந்த கையில் ஒன்றை வைத்தார். சைத்ரா மிட்டாயைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு வாயில் போட்டுக்கொண்டாள். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்பதும் ராமாமணி பழக்கியதுதான். பிள்ளையைச் சமாதானப்படுத்திவிட்டோம் என்று இவருக்கு ஒரு நிம்மதி.

தை பிறப்பதற்குள் கை நீட்டுவது நின்றுபோயிற்று. மறக்க ஆரம்பித்துவிட்டாள் என்று வெங்கடபதி நினைத்தார்.

அதன்பிறகு சைத்ரா மெல்ல மெல்ல மந்தமானாள். பகலிலும் தூங்கினாள். முகம் உப்பியது, முழங்கைத் தோல் வறண்டு வெளுத்தது, வாரும்போது சீப்பு நிறைய முடி வந்தது. சித்திரை வெயிலில் ஊரே மின்விசிறிக்கடியில் கிடக்க, அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சுருண்டாள். மாதவிலக்கு நாட்களில் பேடு பாக்கெட்டுகள் சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்தன. மெடிக்கல் ஷாப்பில் கறுப்புக் கவரில் வாங்கி வருகிற அப்பாவுக்கு, ஏன் இத்தனை என்று மகளிடம் கேட்க வாய் வரவில்லை. யாரையாவது கேட்கவும் கூச்சம். சைத்ராவின் குரல்கூடக் கரகரத்துத் தடித்துப் போயிருந்தது. மோட்டாராக இருந்தால் மனுஷன் எப்போதோ நிறுத்திப் பிரித்துப் பார்த்திருப்பார்.

"ஏக்கமுங்கண்ணா" என்றாள் கிருஷ்ணவேணி போனில். "அம்மா ஏக்கம் லேசுப்பட்டதுங்களா? ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டுங்க, சரியாப் போயிரும்."

கயிறு கட்டினார். ஏக்கம் என்ற ஒரு சொல்லுக்குள் தூக்கம், வீக்கம், குளிர் எல்லாம் அடங்கிவிட்டன. அம்மாவைப் பறிகொடுத்தவள் அப்படித்தான் இருப்பாள் என்று யார் கேட்டாலும் சொன்னார்.

ஒருநாள் குளியலறையிலிருந்து வெகுநேரம் சத்தமே இல்லை. கதவைத் தட்டிப் பதிலில்லாமல் தள்ளிப் பார்த்தால், சைத்ரா உடுத்த துணியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கையில் சொம்பு. சோப்பு காய்ந்தே கிடந்தது. வெங்கடபதிக்கு ஆத்திரம் வந்தது. அது மகள்மேல் வந்த ஆத்திரம் இல்லை என்றாலும் பட்டது அவள்மேல்தான்.

"அம்மா அத்தன வருசமாச் சொல்லிக் குடுத்ததெல்லாம் மறந்துபோட்டியா? ஏங் கண்ணு, உனக்கு என்னதான் பண்ணுது?"

"நல்லாருக்கேனுங்க நைனா."

அந்த வாரமே ஒரு காலையில் எவ்வளவு உலுக்கியும் அவள் கண் திறக்கவில்லை. உடம்பு சில்லிட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாலைந்து நாள் ஐ.சி.யு.வுக்குள் வைத்திருந்தார்கள். வெங்கடபதி வராந்தாவில் கிடந்தார். ராமாமணியிடம் மன்னிப்புக் கேட்டார், பிறகு அவளையே திட்டினார், பிறகு மறுபடியும் மன்னிப்புக் கேட்டார்.

சைத்ரா கண் விழித்த பிறகு டாக்டர் ஆஃப்ரின் அவரை உள்ளே கூப்பிட்டார். கட்டிலருகே குனிந்து, "எப்படி இருக்கீங்க சைத்ரா?" என்று கேட்டார்.

"நல்லாருக்கேனுங்க."

மூச்சு வாங்கிக்கொண்டே வந்தது பதில். டாக்டர் சிரிக்கவில்லை.

"தைராய்டு சுத்தமா வேலை செய்யலைங்க. இதயத்தைச் சுத்தி நீர் கோத்திருக்கு. டவுன் சிண்ட்ரோம் இருக்கறவங்களுக்குத் தைராய்டுக் குறைபாடு சாதாரணமா வரும். வருஷாவருஷம் ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாக்கணும். இதுக்கு முன்னாடி மாத்திரை எதுவும் சாப்பிட்டாங்களா?"

"இல்லீங்க. எங்க ஊட்டுக்காரம்மாவுக்குத்தானுங்க தைராய்டு. இவளுக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

அத்தனை உறுதியாகச் சொன்னார். நர்ஸ் மாத்திரையோடு வந்து, வெள்ளை டப்பாவைக் கட்டிலருகே மேஜையில் வைத்தாள். சைத்ராவின் தலை மெல்லத் திரும்பியது. போர்வைக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. வீங்கிய விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, உள்ளங்கை மேலே பார்த்து விரிந்தது.

"அம்மாது" என்றாள்.

வெங்கடபதிக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. தினமும் விடிந்ததும், அவர் பேப்பர் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில், உள்ளறையிலிருந்து வரும் ராமாமணியின் குரல். 'அம்மாது ஒண்ணு, கண்ணுது ஒண்ணு.' ஏதோ கொஞ்சல் என்று நினைத்திருந்தார். ஒரே டப்பாவிலிருந்து தனக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. அந்த மாத்திரைக்கே மகள் வைத்துக்கொண்ட பெயர்தான் அம்மாது. ராமாமணி அவரிடம் சொல்லாமல் இருந்திருக்க மாட்டாள். 'இவளுக்கும் தைராய்டாமுங்க' என்று என்றைக்காவது சொல்லியிருப்பாள். இவர் ம் கொட்டிவிட்டு வண்டியை எடுத்திருப்பார்.

அதற்காகத்தான் சைத்ரா குப்பை வண்டிக்குப் பின்னால் ஓடினாள். காலைக்குக் காலை கையை நீட்டிக் கேட்டாள். அந்தக் கையில் அவர் மிட்டாயை வைத்தார். சுவரில் சாய்ந்து நின்றவர் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எம்புள்ள கேட்டாளுங்க டாக்டரம்மா" என்றார். "கேட்டுட்டேதானுங்க இருந்தா."

டாக்டர் அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேறும் என்றார். இதயம் பழையபடி ஆகுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். "அவங்க நல்லாருக்கேன்னு சொன்னா அதோட விட்றாதீங்க. தொட்டுப் பாருங்க, கூட இருந்து பாருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் காலையில் வெங்கடபதி விடியுமுன்னே எழுந்துவிட்டார். வெறும் வயிற்றில் மாத்திரை, அதற்குப் பிறகுதான் காப்பி. வெள்ளை டப்பாவும் தண்ணீர் டம்ளருமாக வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். சைத்ராவின் நெற்றியைத் தொட்டார், காலை அமுக்கி வீக்கம் பார்த்தார். அவள் எழுந்து உட்கார்ந்தாள். கைகள் மடியிலேயே இருந்தன.

"கைய நீட்டு சாமி. அம்மாது கொண்டாந்திருக்கேன்."

அவள் நம்பாமல் டப்பாவைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். அவர் மாத்திரையை வைத்தார். வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, அம்மா பழக்கியபடி வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். இது ஒன்றையாவது இனிச் சரியாகச் செய்துவிடலாம் என்று வெங்கடபதி நினைத்தார்.

சைத்ராவின் கை மறுபடியும் நீண்டது.

"அம்மா குடுங்க."

"குடுத்துட்டனே கண்ணு. ஒண்ணுதான். அம்மாதுதானே கேட்ட?"

அவள் தலையை ஆட்டினாள். அவருக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, பாடுபட்டுச் சொன்னாள்.

"அம்மாது இல்லீங்க நைனா. அம்மா."

விரிந்த கை அப்படியே இருந்தது. இந்தத் தடவை அவருக்குச் சரியாகக் காதில் விழுந்தது. அவர் டப்பாவைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கடைசியில் வாய்விட்டு அழுதார்.

சைத்ரா நீட்டிய கையைத் தானே மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பரவால்லீங்க நைனா" என்றாள். "நல்லாருக்கேனுங்க."