கொக்கியைப் பிடுங்கிய பிறகு

1.

ஒரு நாய் எழுந்திருக்க மறுத்ததால் எனக்குக் கிடைத்த கதை இது. வேறு பெருமை எதுவும் இதற்கு இல்லை.

யூக்கான் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர், பனிமேல் ஓடும் நெடுந்தூர நாய்வண்டிப் பந்தயத்தில், ஓட்டிகள் இளைப்பாறும் ஒரு தங்கல். மார்ச் வந்தால் ஊரே தொண்டர்படைதான். வைக்கோல் சுமப்போம், வெந்நீர் காய்ச்சுவோம், வருகிற ஓட்டிகளின் பெயரைக் கூவித் தொண்டை கட்டிக்கொள்வோம். ஒன்று மட்டும் கூடாது: எந்த ஓட்டிக்கும் தனியாக உதவுவது. செய்தால் எல்லாருக்கும் செய்ய வேண்டும். முடியாதென்றால் சும்மா நிற்க வேண்டும்.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

2.

முதல் வரைவு: "பனி பெய்துகொண்டிருந்தது. மார்லீன் ஆற்றை வெறித்தபடி

(இல்லை. கணவனை ஆறு கொண்டுபோன பிறகு யாரும் ஆற்றை வெறிப்பதில்லை. அடுப்பைப் பார்ப்பாள், வாசலில் கிடக்கும் அவருடைய பூட்ஸைப் பார்ப்பாள். இது எனக்குத் தெரியும்.)

இரண்டாம் வரைவு: கண்கூசும் நண்பகல். மார்லீன் வைக்கோல் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே டெல்லா கிளம்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்லீனின் கணவர் எட்வின் போன பிறகு அவருடைய நாய்களை வாங்கிக்கொண்ட வெளியூர்ப் பெண் அவள். முன்னால் ஓடிய நாய்க்குக் கால் வீங்கிவிட, அந்த இடத்தில் கெட்டில் என்ற நாயைக் கட்டியிருந்தாள். கெட்டில், தான் பிறந்து வளர்ந்த வீட்டுப்பக்கம் மூக்கைத் திருப்பிப் படுத்துக்கொண்டது. பின்னால் நின்றவை அதன் முதுகைப் பார்த்தபடி நின்றன.

"ஹைக்! ஹைக்! எந்திரிடா ராசா!"

ஒரு காது மட்டும் அசைந்தது.

தங்கலின் நடுவர் கிளாரன்ஸ், எட்வினின் தம்பி. மார்லீன் அருகே வந்து நின்றான்.

"அண்ணி, கையை வைக்கோல்லயே வைங்க."

"நான் என்னடா பண்ணேன்?"

"பண்ணப்போற மூஞ்சி தெரியுது. தனியா ஒரு வார்த்தை அவகிட்ட போச்சுன்னா, அண்ணன் பொண்டாட்டின்னெல்லாம் பாக்க மாட்டேன். அவளைப் போட்டியிலருந்து தூக்கிடுவேன்."

"ஏன் எந்திரிக்கலன்னு உனக்கும்தானே தெரியும்?"

"தெரியும். அதான் நாக்கைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

டெல்லா சோர்ந்துபோய்த் திரும்பினாள். "அக்கா, சூப்பைக் குடிச்சிட்டு வந்து கடைசியா ஒரு தடவை பாக்குறேன். அப்பவும் எந்திரிக்கலன்னா நான் விலகிக்கிறேன். இவனை உங்க வாசல்லயே விட்டுட்டுப் போறேன்."

3.

இங்கே மார்லீனை நான் சந்தேகிக்கிறேன். அவள் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், நாய் அவளுக்கு. அவ்வளவு நல்லவளா அவள்?

ஒரு வரைவில் அப்படியே விட்டேன். அடுப்போரம் கெட்டில், அதன் தலையில் அவள் கை. எழுதும்போது அழுதேன். அதனாலேயே அந்த வரைவை அடித்துவிட்டேன்.*

* அழுதுகொண்டே எழுதும் பக்கத்தில் நாய் நாயாக இருப்பதில்லை. தலையணை ஆகிவிடுகிறது.

தவிர, அடுப்போரம் படுத்த கெட்டில் வெறும் நாய். ஓடும்போதுதான் எட்வின் கொஞ்சம் அதில் இருந்தார். மார்லீனுக்கு இது தெரியும். ஆகவே கரண்டியை எடுத்தாள்.

4.

கூடத்தில் ஓட்டிகள் மூஸ்மான் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். கரண்டியால் பானையைத் தட்டினாள்.

"எங்க வீட்டுக்காரர் கதை ஒண்ணு சொல்றேன். எல்லாரும் கேக்கணும். குறட்டை விடுறவரையும் எழுப்புங்க."

"நான் தூங்கல, கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடுறேன்," என்றார் ஒரு கிழ ஓட்டி.

"கல்யாணத்தன்னைக்கு 'சம்மதம்'னு சொல்றதுக்குள்ள பாதிரியாருக்கே வேர்த்துப்போச்சு. அப்படி ஒரு ஊமைக்கோட்டான். நாய்ங்ககிட்டயும் அதேதான். கிளம்பச்சொல்லி ஒருநாளும் கத்தினதில்ல. வண்டியைப் பனியில பிடிச்சு வச்சிருக்கிற கொக்கியைப் பிடுங்குவார். அப்புறம் கம்முனு நிப்பார். அந்த அமைதி தாங்காம நாய்தான் முதல்ல காலெடுத்து வைக்கும்."

"கத்தினா என்னவாம்?" என்றார் இன்னொரு ஓட்டி.

"வண்டி நிக்கிறப்பதான் அவர் பேசுவார். நீ கத்தக் கத்த, இன்னும் கிளம்பலபோலன்னு அது நிம்மதியாப் படுத்துக்கும்."

சிரிப்பு எழுந்தது. வாசலிலிருந்து கிளாரன்ஸ் கேட்டான்: "எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு!"

"அப்ப சரி. எல்லாருக்கும் பொதுவான கதை. விதியில இடம் இருக்கு."

டெல்லா கிண்ணத்தின் மேல் தலை கவிழ்ந்திருந்தாள். கேட்டாளா, தூங்கிவிட்டாளா? தனியாகப் போய் விசாரிக்க மார்லீனுக்கு வழியில்லை.

(எழுதுகிறவர்களுக்கும் இதே விதிதான். ஒருவருக்குச் சொல்லவேண்டியதை எல்லாருக்கும் சொல்லிவிட்டு, அந்த ஒருவர் விழித்திருக்கிறாரா என்று தெரியாமல் நிற்கிறோம்.)

5.

முடிவு: கெட்டில் எழுந்து

முடிவு: டெல்லா மறுபடியும் கத்தினாள், அது

இரண்டையும் என்னால் நன்றாகவே எழுத முடியும். எது நடந்தது என்பதும் தெரியும். ஆனால் உங்களுக்கு மட்டும் எப்படித் தனியாகச் சொல்வது?

இதுவரை சொல்லலாம். மார்லீன் தன் வாசனை நாய்க்கு எட்டாதபடி, காற்று வீசிப்போகும் பக்கமாக, விறகுக் குவியலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். டெல்லா வண்டிமேல் ஏறினாள். குனிந்தாள். கொக்கி பனியைவிட்டு வரும் சத்தம்.

அவ்வளவுதான். இனி நீங்கள் வண்டியில் நிற்கிறீர்கள்.

தயவுசெய்து எதுவும் பேசாதீர்கள்.