ஏழு மணிக்குத் திறக்கிற ஜன்னல்

எங்கள் சந்தில் ஒன்பது கதவுகள். எட்டில் சாவிப் பெட்டி தொங்குகிறது. சின்ன இரும்புப் பெட்டி. நாலு எண்ணைத் திருப்பினால் திறக்கும், உள்ளே சாவி. வீட்டுக்காரன் ரோமிலோ மிலானிலோ உட்கார்ந்திருக்கிறான். வருகிறவன் தானே திறந்து, இரண்டு நாள் படுத்து எழுந்து, தானே பூட்டிவிட்டுப் போகிறான். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. முகம் பார்க்காமல் வீட்டைக் கொடுக்கிறவனையும் நான் நம்ப மாட்டேன், வாங்குகிறவனையும் நம்ப மாட்டேன். ஒன்பதாவது கதவு என்னுடையது.

பாறை உச்சியில் இருக்கிற எங்கள் ஊர் ஓர்வியேத்தோவில் எங்கே தங்கலாம் என்று சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் என்னையே கேட்பதுண்டு. லொரெதானாவின் காபிக் கடையில் நான் நின்றுகொண்டு காபி குடிக்கும்போது போனை நீட்டிக்கொண்டு வருவார்கள். அவர்கள் பேசுவதை லொரெதானா எனக்குச் சொல்வாள்.

"மேல ஊருக்குள்ள தங்கறதா, கீழ ஸ்டேஷன் பக்கம் தங்கறதான்னு கேக்கறாங்க, ஒரெஸ்தே."

"கீழ தங்கச் சொல்லு. லிஃப்ட் இருக்கு. காரை வாசல்லயே நிறுத்தலாம். இங்க சர்ச் மணி அடிச்சே கொன்னுடுவாங்க."

"அவங்க நல்லதுக்கா சொல்ற?"

"இல்ல, என் நல்லதுக்கு."

அவள் சிரித்துக்கொண்டே அவர்களிடம் வேறு எதையோ சொல்லுவாள். அவள் வியாபாரம் அவளுக்கு.

கடைசியாகப் பெட்டி மாட்டியது எதிர்வீட்டில். அது ஜெலிண்டாவின் வீடு. அவளும் நானும் இருபத்திரண்டு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. என் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் சந்தில் வந்து முடிகிறது. சந்து அவள் வாசல் பக்கம் சரிவு. ஒரு ஜனவரியில் தண்ணீர் உறைந்து, அதில் அவள் புருஷன் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான்.

"ஊர்க் கூரைக்கெல்லாம் ஓடு மாத்தறவனுக்குத் தன் வீட்டுக் குழாயைத் திருப்பத் தெரியாதா?" என்று அவள் நடுச் சந்தில் நின்று கத்தினாள்.

நான் ஓடு வேய்கிறவன்தான். நாற்பது வருஷம் அந்த வேலை. "சந்தைச் சரிவாப் போட்டவனைப் போய்க் கேளு. அவன் செத்து ஐந்நூறு வருஷம் ஆச்சு" என்றேன். அதோடு பேச்சு நின்றது.

ஜன்னல் விஷயம் வேறு. எங்கள் பக்கத்தில் தனியாக இருக்கிறவர்கள் எழுந்ததும் ஜன்னலின் மரக்கதவுகளைத் தள்ளிச் சுவரில் படாரென்று அடிப்பார்கள். சத்தம் கேட்டால் ஆள் இருக்கிறது. எட்டு மணிவரை கேட்கவில்லை என்றால் எதிர்வீட்டுக்காரர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். சண்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவள் புருஷன் முதலில் போனான், பிறகு என் மனைவி பீனாவும் செத்துப்போனாள். அதிலிருந்து பதினோரு வருஷம், ஏழு மணிக்கு நான் திறப்பேன், ஏழு ஐந்துக்கு அவள் திறப்பாள், இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அப்புறம் நான் போய்ப் பின்பக்க ஜன்னலைத் திறப்பேன். அது பாறை விளிம்பில் இருக்கிறது. கீழே ஸ்டேஷன், ஆறு, சமவெளி எல்லாம் தெரியும்.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல். எட்டு அடித்ததும் அவள் வந்து தடியால் என் கதவை இடித்தாள்.

"இருக்கேன்!" என்று படுக்கையிலிருந்து கத்தினேன்.

"தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை சந்தைக்குப் போய்ச் சமையலுக்குக் கூனைப்பூ வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் ஜன்னல் பட்டப்பகலில் மூடியிருந்தது. அவள் பேரன் தானிலோ வந்து அவளை அழைத்துப் போய்விட்டான். என்னிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு நாங்கள் பேசுகிறவர்களும் இல்லை. கீழே சமவெளியில் முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறான் என்று லொரெதானாதான் சொன்னாள். அடுத்த வாரம் பெட்டி மாட்டிவிட்டான்.

வந்து தங்குகிறவர்கள் பத்து மணிவரை தூங்குகிறார்கள். முதல் நாள் எட்டு அடித்தது. எதிர் ஜன்னல் மூடியிருந்தது. உள்ளே இருப்பது அவள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. தடியை எடுத்துக்கொண்டு போய் இடித்தேன். வெறும் ஜட்டியோடு ஒரு நெட்டை ஆள் வந்து நின்றான். டென்மார்க்காம். "இருக்கியா? சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அடுத்தடுத்து வந்தவர்களிடமும் இதே கதை. கடைசியில் தானிலோ என் மகள் நிவெஸுக்குப் போன் போட்டுவிட்டான்.

"அப்பா, ஒன்பது பேர் புகார் எழுதியிருக்காங்களாம். எதிர்வீட்டுக் கிழவர் காலங்காத்தால வந்து கதவை உடைக்கறார்னு."

"உள்ள செத்துக் கிடந்தா?"

"முப்பது வயசுக்காரங்கப்பா! லீவுல வந்தவங்க தூங்கத்தான் செய்வாங்க."

"முப்பது வயசுல யாரும் சாகறதில்லையா?"

பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள். "கீழ வந்துடுங்கப்பா. எங்க கட்டடத்துலயே ரெண்டாம் மாடியில ஒரு வீடு காலியாகுது. சனிக்கிழமை வரைக்கும் யாருக்கும் கொடுக்க மாட்டேன்னு சொல்லியிருக்காங்க."

"அப்புறம் இந்த வீட்டுக்கும் பெட்டி மாட்டிடுவ."

"நான் அதைச் சொல்லவே இல்லையே!"

"சொல்லாததைத்தான் கேக்கறேன்."

அவளிடம் முறைத்துக்கொண்டேனே தவிர, எனக்குள்ளும் பயம் இருந்தது. எண்பத்தொரு வயது. முட்டி போய்விட்டது. பிப்ரவரியிலிருந்து நான் ஜன்னலை எவ்வளவு ஓங்கிச் சுவரில் அடித்தாலும் கேட்க ஆள் இல்லை. படுக்கையிலேயே போனால், நாற்றம் வந்தபிறகுதான் தெரியும். அதையும் புகார் எழுதுவார்கள்.

அதனால் வீட்டைப் பார்க்கப் போனேன். நிவெஸ் வேலைக்குப் போவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று ஏழு மணிக்கு முன்னாலேயே கிளம்பி, பாறைச் சரிவில் கம்பி கட்டி இழுக்கிற இழுவை ரயிலில், முதல் வண்டியிலேயே கீழே இறங்கினேன். வெளியே போகிறவனுக்கு ஜன்னல் எதற்கு என்று எதையும் திறக்கவில்லை.

வீட்டைக் குறை சொல்ல முடியாது. லிஃப்ட் இருந்தது, படியே ஏற வேண்டாம். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது. நிவெஸ் சுவரில் ஒரு பொத்தானை அழுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே கடைக்குப் போடுவது போல ஒரு பிளாஸ்டிக் ஷட்டர் கிர்ரென்று இறங்கியது.

"நேரம் குறிச்சு வச்சிருக்கு. காலையில ஏழுக்குத் தானா ஏறும், ராத்திரி தானா இறங்கும். நீங்க கையே வைக்க வேண்டாம்."

"நான் எழுந்திரிக்கலைன்னாலும் ஏறுமா?"

"ஏறும்."

"செத்துட்டாலும்?"

"அப்பா!"

"சொல்லு."

"ஏறும்" என்றாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நான் தினமும் வந்து பார்ப்பேன்ல."

"ஏழரைக்குப் போற, ராத்திரி எட்டுக்கு வர்ற."

அவள்மேல் தப்பு இல்லை. சனிக்கிழமை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி ஏறி வரும்போது, முட்டி வலியில், சரி என்றே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது.

எங்கள் சந்து முனையில் தீயணைப்பு வண்டி நின்றது. என் வீட்டு முன் ஜன்னலில் ஏணி சாத்தியிருந்தது. ஒருவன் பாதி ஏணியில் நின்றான். லொரெதானா கடையை அப்படியே விட்டுவிட்டு ஏப்ரனோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த துணியால் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"எங்கய்யா போன? பாவி மனுஷா!"

"தாத்தா, நல்லவேளை நடந்தே வந்துட்டீங்க. நாங்க தூக்கிட்டுப் போகத்தான் வந்தோம்" என்றான் ஏணியில் இருந்தவன்.

"யாருக்குடா தாத்தா? கதவை உடைச்சியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப இறங்கு. யார் உங்களைக் கூப்பிட்டது?"

லொரெதானா தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "ஜெலிண்டா. கீழே அவ கட்டில் ஜன்னலோரமாம். அங்கேருந்து பாறை தெரியுமாம். போகும்போது புருஷன் பன்றி வேட்டைக்கு வச்சிருந்த பைனாகுலரைத்தான் எடுத்துட்டுப் போயிருக்கா. பிப்ரவரியிலேருந்து தினமும் ஏழு மணிக்கு உன் பின்பக்க ஜன்னலைப் பார்க்கறாளாம். இன்னிக்குத் திறக்கலைன்னு எட்டு மணிக்கு எனக்குப் போன். தட்டிப் பார்த்தேன், சத்தமே இல்ல. நான் என்ன செய்யறது? லைன்லயேதான் இருக்கா. நீ வந்துட்டேன்னு நான் சொன்னா நம்ப மாட்டா. நீயே பேசு."

போனைக் காதில் வைத்தேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"இருக்கேன்" என்றேன்.

"தெரியுது. எங்க போய்த் தொலைஞ்ச?"

"கீழ. வீடு பார்க்க."



"எப்படி இருக்கு?"

"ஷட்டர் தானா ஏறுது."

"இங்கயும் அப்படித்தான்" என்றாள். "போன மாசம் காலையில ஷட்டர் ஏறிச்சு, ரூமெல்லாம் வெயில். காபி கொண்டு வந்தவ பக்கத்துக் கட்டில்காரிக்கு வணக்கம் சொல்லிட்டுக் கோப்பையை வச்சுட்டுப் போனா. கட்டில்காரி ராத்திரியே செத்துப் போயிருந்தா. மத்தியானம்தான் பார்த்தாங்க."

தீயணைப்புக்காரர்கள் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"குழாயைத் திருப்பினியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"திருப்பாத. இப்ப அங்க வர்றவங்க வழுக்கி விழட்டும்."

போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அன்றைக்கே நிவெஸுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னேன்.

"அங்க தனியா உங்களை யாருப்பா பார்க்கறாங்க?" என்று அழுதாள்.

"பார்க்கறாங்க" என்றேன். அதற்குமேல் அவளிடம் விளக்கவில்லை.

அது செப்டம்பர். அதற்கப்புறம் நான் பின்பக்க ஜன்னலைத்தான் முதலில் திறக்கிறேன். ஏழு மணிக்கு, ஒரு நிமிஷம் பிந்தாமல். திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பேன். அந்த இல்லம் இங்கிருந்து தெரிகிறது. வெள்ளைக் கட்டடம். அறுபது ஜன்னலாவது இருக்கும், எல்லாம் ஒரே நேரத்தில் தானாக ஏறுகின்றன. அதில் அவளுடையது எது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

இப்போது நவம்பர். ஐந்து நாளாகப் பனிமூட்டம். ஆற்றிலிருந்து கிளம்பிப் பாறை விளிம்பு வரை வெள்ளையாக நிரம்பி நிற்கிறது. ஸ்டேஷன் இல்லை, இல்லம் இல்லை, ஒன்றும் இல்லை. நேற்று லொரெதானாவிடம், நான் திறந்துவிட்டேன் என்று ஒரு போன் போட்டு அவளிடம் சொல்லிவிடு என்றேன்.

"நீயே சொல்லேன்" என்று ஒரு துண்டுத் தாளில் நம்பரை எழுதிக் கொடுத்தாள். அது கோட்டுப் பையில் கிடக்கிறது.

இன்றும் ஏழு மணிக்குத் திறந்து சுவரில் அடித்தேன். பதினோரு மணிக்கு மூட்டம் கொஞ்சம் கிழிந்தது. ஸ்டேஷன் கூரை மட்டும் தெரிந்தது, உடனே மறைந்தது. வீடு குளிர்ந்துவிட்டது. பீனா இருந்திருந்தால் ஜன்னலை மூடச் சொல்லித் திட்டியிருப்பாள். கோட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் மூடவில்லை.