காதில் வராத ரத்தம்

கால்நடை டாக்டர் உமர் ஊசியை எடுத்ததுமே மருதாத்தாள் சினையாட்டின் காதைப் பிடித்துக்கொண்டாள். போன வருஷமும் இதே கஞ்சிக்கோட்டு ஆட்டுப்பட்டிக்கு யாரோ வந்து ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு செம்மறியின் சினை கலைந்துபோனது. இந்த வருஷம் சினையாக நிற்பது இது ஒன்றுதான்.

"ஏனுங்க, யாரக் கேட்டு இவர வரச்சொன்னீங்க?"

புருஷன் ஆறுச்சாமி தாடையைச் சொறிந்தான். "ஒரு மூட்டை புண்ணாக்கு குடுக்கறேன்னாரு, புள்ள."

"ஆடு செத்தா அதை நீங்களா திங்கப்போறீங்க?"

டாக்டர் சிரித்தார். "சினையாட்டு ஒடம்புல ரத்தக்குழாய் எல்லாம் ஒரே மாதிரி நடந்துக்கறதில்லைம்மா. ஒரு மருந்து போட்டு அதைப் பார்க்கத்தான் வந்தேன்."

சிரித்துக்கொண்டே ஊசி போடுகிறவரை எப்படி நம்புவது? மருதாத்தாள் ஆட்டின் காதை விடாமல் பிடித்திருந்தாள். ஊசி இறங்கிய சற்று நேரத்தில் காது சில்லிட்டது. வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். இலை நரம்புபோல் ஓடும் சிவப்புக் கோடுகளைக் காணோம்.

"வெசத்த ஏத்திட்டாருங்க!"

விஷம் ஏறிய ஆட்டுக்குக் காது நுனியைக் கீறிவிடுவது அவர்கள் வழக்கம். ரத்தம் வந்தால் பிழைக்கும். இடுப்பிலிருந்த அரிவாளை உருவிக் கீறினாள். ஒரு சொட்டுகூட வரவில்லை.

அரிவாள் டாக்டர் பக்கம் திரும்பியது. அவருக்கு வேர்த்துவிட்டது. கழுத்தில் கிடந்த குழாயைக் கழற்றி நீட்டினார்.

"வெட்டறதுக்கு முன்னாடி இதை வெச்சு ஒருதரம் கேளுங்கம்மா."

அவர் காட்டிய இடத்தில், ஆட்டின் அடிவயிற்றில் வைத்தாள். கோரையாற்றில் புதுவெள்ளம் வந்ததுபோல் உஸ், உஸ் என்று இரைந்தது.

"மருந்துக்குக் காது நரம்பு சுருங்கிடுச்சு. கருப்பைக்கு ரத்தம் கொண்டுபோற நரம்பு மசியலை, அந்த இரைச்சல்தான் இது. குட்டியோட பங்கை விட்டுக்குடுக்காது."

மருதாத்தாள் அசரவில்லை. "சத்தத்தக் கொழாய்க்குள்ள அடைச்சுக் கொண்டாந்திருப்பீங்க."

குழாயை ஆறுச்சாமியின் வயிற்றில் வைத்தாள். கடமுட என்றது.

"பழைய சோறு பேசுது," என்றாள். பிறகு சினை பிடிக்காத ஆட்டிடம் போனாள். அதன் வயிற்றிலும் இரையின் கடமுடதான், வெள்ளம் இல்லை.

சினையாட்டின் பக்கம் திரும்பி வந்தபோது பாதத்தில் ஏதோ சுட்டது. குனிந்து பார்த்தாள். கீறிய காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம், அடுத்து இன்னொன்று. காதைத் தொட்டாள். சூடு திரும்பியிருந்தது.

டாக்டர் பெருமூச்சு விட்டுக் குழாய்க்குக் கை நீட்டினார். மருதாத்தாள் அதைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"குட்டி கண்ணுல படற வரைக்கும் இது எங்கூட்டுல இருக்கட்டுங்க. நீங்க போயிப் புண்ணாக்க அனுப்புங்க."