எர்ரக்காமு பேரன் அழைக்கிறார்

வேடசந்தூர் மில்களில் கழிவுப் பஞ்சு எடுக்கும் பொம்மையனுக்குச் சில வாரங்களாகச் சோறு இறங்கவில்லை. எதிர்க்கடையில் சித்தப்பா மகன் முத்துக்கிருஷ்ணனுக்கும் அதே வியாபாரம்தான், அதே இணையத் தொலைபேசிதான். அவன் பொத்தானை அழுத்தினால் மில்லில் மணி அடிக்கிறது. இவர் அழுத்தினால் சற்று நேரம் அமைதி, பிறகு துண்டிப்பு. மில்லில் விலை பேசுவதெல்லாம் பேச்சு பதிவாகும் அந்த லைனில்தான். செல்போன் பேச்சு செல்லாது. லோடு லோடாகப் பஞ்சு எதிர்க்கடைக்குப் போனது. ஒவ்வொரு லாரியும் இவர் நெஞ்சின் மேல் ஏறித்தான் திரும்பியது.

"அவன்தான் என்னமோ பண்ணி வச்சிருக்கான்," என்றார், கோளாறு பார்க்க வந்த அறிவுச்செல்வியிடம்.

அவள் ஓர் அழைப்பை ஓடவிட்டு மடிக்கணினியில் பார்த்துச் சிரித்தாள். "அவரு ஒண்ணும் பண்ணலய்யா. உங்க பேருதான் பண்ணுது."

சில வாரங்களுக்கு முன் இந்தப் போனை மாட்டிய அன்றே, கூப்பிடும் இடத்தின் திரையில் தெரியட்டும் என்று பொம்மையன் சொல்லி ஏற்றிய பெயர் அது: பெரியவீட்டு எர்ரக்காமு பேரன் சின்னக்காமு மகன் பொம்மையன். மணி அடிக்கும் முன் மில் போனுக்கு ஒரு செய்தி போகும். அதில் இந்தப் பெயர் பல இடங்களில் வரும். தமிழ் எழுத்து பிடிக்கும் இடமும் அதிகம். செய்தி ஒரே பொட்டலத்தில் அடங்காமல் இரண்டாக உடைகிறது. எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்ற எண் முதல் துண்டில்தான் இருக்கிறது. இரண்டாவதை வழியிலுள்ள ரூட்டர் அநாமத்து என்று தள்ளிவிடுகிறது. பாதிச் செய்திக்கு மணி அடிக்காது.

"உங்க தம்பி கடையிலயும் முதல்ல இதே கோளாறுதான்யா, நான்தான் பாத்தேன். தன் பேரை மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தை எடுத்துட்டாரு. ஒரு நிமிச வேலை."

"என்னத்தை எடுத்தான்?"

"தாத்தா பேரு, அப்பா பேரு."

பொம்மையனின் முதுகு நாற்காலியில் நிமிர்ந்தது. "பஞ்சுக்காகத் தாத்தாவையே கழட்டி விட்டுட்டானா! நான் எடுக்க மாட்டேன் தாயி. வேற வழி சொல்லு."

வேறு வழி இருந்தது. செய்தியை டிசிபி என்ற வேறொரு அனுப்பு முறையில் அனுப்பினால் ஒவ்வொரு துண்டிலும் வாசல் எண் இருக்கும். எதுவும் வழியில் நிற்காது. ஆனால் லைன் கொடுத்தவர்களும் தங்கள் பக்கம் மாற்ற வேண்டும். மதியம் ஆகிவிடும்.

"காலையிலயே மில்லுல விலை கேப்பாகளேய்யா?"

"கேக்கட்டும்."

அன்றைய லோடும் எதிர்க்கடைக்குப் போனது. பொம்மையன் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, லாரியைச் சுவர்க்கண்ணாடியில் பார்த்தார்.

மதியம் வேலை முடிந்ததும் அவள் மில் எண்ணை அழுத்தப் போனாள். "அது இருக்கட்டும். முதல்ல அவனுக்குப் போடு," என்றார் பொம்மையன்.

எதிர்க்கடையில் மணி அடித்தது. முத்துக்கிருஷ்ணன் எடுக்காமல் போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது இங்கிருந்தே தெரிந்தது. பெயர் ஓடி முடியும்வரை பார்த்தான்.

"சொல்லுங்கண்ணே."

"சும்மாதான்டா. வருதான்னு பாத்தேன்."

"முழுசா வருது." கழுத்தை நீட்டி இந்தக் கடைக்குள் பார்த்தான். "அறிவுச்செல்வி அங்கதான இருக்கு? அப்படியே இங்கிட்டும் ஒரு எட்டு வரச் சொல்லுங்க."

"அதுக்கு இங்க இன்னும் வேலை கெடக்கு," என்று போனை வைத்த பொம்மையன், டீ வரவழைத்து, அவளை மெதுவாகக் குடிக்கச் சொன்னார்.