பழைய பிரதியில் கனகேஸ்வரி

1992இல், கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் குளிர்கிடங்கில், காலையில் லோரி ஏற்றி அனுப்பிய கெம்போங் மீன் மத்தியானம் அதே அறையில் திரும்பவும் இருந்தது. நான் பொய் சொல்கிறவன் என்று சிலர் சொல்வார்கள். மீனுக்கு அது தெரியாது.

முதலாளி அய்யாவு இதைக் குறையாகச் சொல்லவில்லை. கணினி பழுது பார்க்கும் என்னைக் கூப்பிட்டது, அங்கே கணினியில் கணக்கு ஏற்றும் கனகேஸ்வரி. மாலையில் பிரிக்ஃபீல்ட்ஸ் போக பஸ் ஏறுவாளாம், சன்னலோரம் கண் அசருவாளாம். விழித்தால் தலை கிடங்கு மேசைமேல் இருக்கும். கையில் பஸ் டிக்கெட்.

"நாளைக்குக் காலையில தங்கச்சிக்குக் கல்யாணம், அங்கிள். அம்மா இல்லாத பிள்ளை, நான்தான் பக்கத்துல நிக்கணும். எப்படியாவது பாருங்க லா."

பார்த்தேன். டிஸ்கை ஓட்டும் டிரைவர் நிரலை எழுதியவர் ஆஸ்திரேலியா போய்விட்டிருந்தார். டிஸ்க் புதிய விவரத்தை நேரே மெமரியில் இறக்கிவிடும். புரொசஸரிடம் ஒரு வார்த்தை சொல்லாது. புரொசஸரோ தன் மடியில், கேஷ் மெமரியில், வைத்திருக்கும் பழைய பிரதியையே பார்த்துக்கொண்டிருக்கும். அதை எறிந்துவிட்டுப் புதிதாகப் படி என்று டிரைவர்தான் சொல்ல வேண்டும். நிரலை எழுதிய மனிதர் அதைச் சொல்லித்தான் வைத்திருந்தார். ஆனால் டிஸ்க் இறக்கும் இடத்தை ஒட்டியே எத்தனை தடவை என்று கணக்கு வைக்கும் ஒரு சின்ன எண்ணியையும் வைத்திருந்தார். கேஷ் தனித்தனியாக எடுக்காது, வரிசையோடு அள்ளும். எண்ணியைத் தொடும்போதெல்லாம் பக்கத்திலிருந்த பழையதும் கூடவே வந்தது. திரும்பக் கொட்டும்போது புதியதன்மேல் விழுந்தது. கிடங்கில் யார் போனாலும் எது போனாலும் அந்தக் கணினியில்தான் பதிவு; அதில் வெளியே போன கனகேஸ்வரி மறுபடி உள்ளே ஆனாள். மீனும் அப்படித்தான்.

மற்ற ஊர்களில் இந்தத் தப்பு திரையோடு நின்றுவிடும். கிள்ளானில் ஈரம் அதிகம்.

அய்யாவு என் தோளுக்குப் பின்னால் நின்றார். "சரி பண்ணினா மீன் திரும்பி வராதா?"

"வராது."

"கனகா?"

"லீவு முடிஞ்சு பஸ் ஏறித்தான் வரணும்."

அவர் அறைக் கதவைத் திறந்தார். வெண்புகை எங்கள் முழங்கால்வரை வந்து படுத்தது. உள்ளே மீன்கள் எல்லாம் எதையோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல் கிடந்தன. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை தடவைதான் பிடிபடும், பாவம். போக விட்டுருங்க பாஸ்" என்றார் என்னிடம்.

எண்ணியை வேறு வரிசைக்குத் தள்ளினேன். டிஸ்குக்குத் தனி வரிசைகள் ஒதுக்கினேன். கனகேஸ்வரி மழையில் கேட்டைத் தாண்டிப் போனாள். அவள் மேசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாற்காலி காலியாகவே இருந்தது. அறையில் மீன்கள் வாலிலிருந்து மெல்ல மங்கி, உப்பு வாசனையாகி, அதுவும் போயிற்று.

மறுநாள் காலை போன் வந்தது. பின்னால் மேளச் சத்தம்.

"வந்து சேர்ந்துட்டேன் அங்கிள். ஆனா போனை வச்சிடாதீங்க. வச்சா திரும்ப அங்க வந்துருவேனோன்னு பயமா இருக்கு. தாலி கட்டுறவரைக்கும்."

அய்யாவு என் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். "நில்லும்மா. நாங்க இங்கதான் இருக்கோம். நீ அங்கயே இரு."

கெட்டிமேளம் போன் வழியாக வந்து கிடங்கு முழுவதும் பரவியது. அட்சதைக்கு அரிசி இல்லை. அய்யாவு ஒரு பிடி ஐஸ் தூளை அள்ளி, காலி நாற்காலிமேல் தூவினார்.