மரத்துக்கு ஆங்கர் போல்ட்

ஹார்டுவேர் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்த ஃபாயிசாவுக்கு, வாசலில் பைக்கை நிறுத்தியவன் யாரென்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. போட்டோவில் பார்த்த பொழிச்சலூர் அக்தர். அவனைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் அத்தாவிடம் சொல்லியாக வேண்டும். முன்பு வந்த இரண்டு சம்பந்தமும், கல்யாணத்துக்குப் பிறகு அவள் கடையில் உட்காரக் கூடாது என்றதில்தான் முறிந்தன. இவனும் அதைத்தான் சொல்வான். மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

“அக்கா பசங்களுக்கு மரத்து மேல வீடு கட்டுறேன். ஆங்கர் போல்ட் பன்னெண்டு, ஏசி ஸ்டாண்டு நாலு.”

“மரத்துக்கு ஏசி போடுறீங்களா?”

“இல்ல... பலகையைத் தாங்கறதுக்கு.”

ஃபாயிசா சிரிக்கவில்லை. சிரிப்பதுகூட இவனுக்கு மரியாதை. பிளாட்டிலேயே வளர்ந்த ஜென்மங்களுக்கு உலகமே கான்கிரீட்.

“ஆங்கர் போல்ட் சிமென்ட்ல விரிஞ்சு கவ்வும். பச்சை மரத்துல எதைக் கவ்வும்? பசங்களோட சேர்ந்து கீழ வரும்.”

“அப்ப சங்கிலி சுத்திக் கட்டிட்டா?”

“மரம் பெருக்கும். கழுத்தை நெரிச்ச மாதிரி ஆயிடும். எந்த வீடியோவுல படிச்சீங்க இதெல்லாம்?”

“மூணு பார்த்தேன்” என்றான் பெருமையாக.

கட்டைவிரல் தடிமனில், மரத்துக்குள் முறுக்கி இறக்கும் ஒரு கோச் ஸ்க்ரூவை எடுத்து டொங்கென்று மேசையில் வைத்தாள். “பத்து ஆணிக்குப் பதிலா இது ஒண்ணு. எத்தனை மரம்?”

“மா ஒண்ணு, வேம்பு ஒண்ணு.”

“ரெண்டு பக்கமும் இறுக்கிடுவீங்க. காத்தடிச்சா ரெண்டு மரமும் ஒண்ணாவா ஆடும்? நடுவுல பலகையைத் தாங்குற மரச்சட்டம் பிளக்கும். மாமரத்துல இறுக்குங்க. வேம்புல நீள ஓட்டை போட்ட பிராக்கெட். சட்டம் அதுல நகரட்டும்.”

அவன் ஒரு பழைய பில்லின் முதுகில் எழுதிக்கொண்டான். நடிப்பு என்று அவள் முடிவு கட்டினாள்.

அப்போது கையில் கீலோடு மேஸ்திரி ஜெயவேலு வந்தார். நாலு வருஷ வாடிக்கை. அவளிடம் ஒரு யோசனை கேட்டதில்லை. நேராக அக்தரிடம் போனார். “இன்னா சார், இந்தக் கீலு இரும்பு கேட்டைத் தாங்குமா?”

இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பான் பாருங்கள் என்று ஃபாயிசா காத்திருந்தாள்.

“நான் சொன்னா அந்த இரும்பு கேட் உங்க கால் மேலதான்ணா விழும். அவங்களைக் கேளுங்க.”

ஜெயவேலு வேண்டாவெறுப்பாகத் திரும்பினார். “தாங்குமாம்மா?”

“ரெண்டு பத்தாதுண்ணா. மூணு போடுங்க.”

அவர் போனதும் அக்தரிடம், “டிரில் இருக்கா?” என்றாள்.

“வாங்கணும்.”

“வேணாம். உங்க கையில டிரில்லைக் கொடுத்தா மரம் பாவம். ஞாயித்துக்கிழமை அத்தாவைக் கூட்டிக்கிட்டு நானே வர்றேன். மத்த நாளெல்லாம் நான் இங்கதான். கல்யாணம் ஆனாலும்.”

“தெரியுமே. அதைக் கேட்டுட்டுதானே போட்டோவே அனுப்பினேன்.”

திட்டுவதற்கு எதுவும் கிடைக்காத எரிச்சலில் ஃபாயிசா வாசல் பைக்கைப் பார்த்தாள்.

“ஹெல்மெட் எங்க?”